எல்லைக்குள் இருந்து திறந்த கதவு

19 மார்ச் 2026, வியாழன்

இன்று மாலை கணினி வகுப்பில் என் தவறு ஒன்று வெளியே வந்தது. சிறியதுதான், ஆனாலும் எழுதி வைக்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும் போர்ட்டுகள் மூன்று என்று போன வாரம் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று இல்லை, நான்கு. நான்காவதை என்னோடு படிக்கும் மருது கண்டுபிடித்தான். அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று வகுப்புக்கே சொன்னான்.

சர்வர் என்பது எங்கோ இருக்கும் வாடகைக் கணினி. அதற்கு எண் போட்ட கதவுகள் உண்டு, அவைதான் போர்ட்டுகள். இணையதளம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு எண், உள்ளே போய் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு எண். சோதிக்கும் மென்பொருளை நான் அப்படியே ஓடவிட்டேன். அப்படி விட்டால் அது வழக்கமாகப் புழங்கும் ஆயிரம் கதவுகளை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடும். மொத்தக் கதவுகளோ அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேல். மருது எல்லாவற்றையும் தட்டியிருக்கிறான். அவனுக்குப் பொறுமை கிடையாது. ஓடவிட்டுவிட்டு பரோட்டா சாப்பிடப் போய்விட்டான், அவ்வளவுதான்.

சிவபிரகாஷ் சார் கோபப்படவில்லை. "ஆயிரமாவது தட்டியிருக்கீக. இந்த செட்ல பாதிப் பேர் இன்னும் வாசப் பக்கமே போகல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

விளையாட்டாக விட முடியாததற்குக் காரணம் அந்த நான்காவது கதவு. காரைக்குடி செக்காலை ரோட்டில் புஷ்பவள்ளி அக்கா நடத்தும் திருமணத் தகவல் மையத்தில்தான் எனக்கும் மருதுவுக்கும் பகல் வேலை. பெண்கள், பையன்களின் படம், ஜாதகம், போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் அந்தச் சர்வரில்தான் இருக்கின்றன. முன்பு அதை அமைத்துக் கொடுத்தவர், அத்தனை விவரமும் இருக்கும் பெட்டகத்தின் கதவை யாருக்கும் தோன்றாத ஒரு எண்ணுக்கு மாற்றிவிட்டு, பூட்டாமல் கோயம்புத்தூர் போய்விட்டார்.

29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மையத்தின் மாடிக் கூடத்தில் வரன் அறிமுக நாள். நேரில் வருகிறவர்களும் உண்டு, சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருந்து இணையத்தில் பார்க்கிறவர்களும் உண்டு. அக்கா முன்பே சொல்லிவிட்டார்: "அன்னைக்கு ஒரு சங்கடமும் இல்லாம முடிஞ்சா ஏப்ரல்ல இருந்து சிஸ்டம் பூராவும் உன் பொறுப்பு, நிரந்தர வேலை. ஏதாச்சும் ஆச்சுன்னா மதுரைக் கம்பெனிக்காரன்கிட்ட தள்ளிவிட்டுருவேன். அவனும் நாள் தவறாம போன் போடுறான்." நான் இன்னும் தற்காலிகம்தான்.

21 மார்ச், சனி

கதவுகளைச் சாத்தினேன். பெட்டகக் கதவு இனி வெளியே யாருக்கும் கிடையாது. வேலை பார்க்க உள்ளே போகும் கதவு எங்கள் அலுவலக இணைப்பின் முகவரியில் இருந்து வந்தால் மட்டும் திறக்கும். இணையதளக் கதவு எல்லோருக்கும் உண்டு. மீதி இருந்த ஒரு கதவு எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சாத்தினேன், யாரும் கேட்கவும் இல்லை.

இந்த விதிகளை மாற்றும் பக்கம் சர்வரை வாடகைக்கு விடும் கம்பெனியின் தளத்தில் இருக்கிறது, எங்கிருந்தும் போகலாம். அதற்கு இரண்டு பூட்டு. கடவுச்சொல் என் தலைக்குள். ஒவ்வொரு முறையும் மாறும் குறியீடு அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கும் கைபேசியில். ஒருவரால் மட்டும் எதையும் மாற்ற முடியாது. வகுப்பில் சொன்னபடிதான் செய்தேன். செய்து முடித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவுக்கு விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. கதவைத் திறந்து வைத்திருந்தபோது யார் யார் வந்து தட்டினார்கள் என்று திரையில் காட்டினேன். வரி வரியாக ஓடியது. எல்லாம் முன்பின் தெரியாதவர்கள், பெயர் ஒன்றைச் சொல்லி உள்ளே வரப் பார்த்தவர்கள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "யாருத்தா இந்த அட்மின்? விடாம வந்துக்கிட்டே இருக்கான். நம்மகிட்ட பதிஞ்ச பையனா?"

"அது ஆள் இல்லக்கா. சும்மா ஒரு பேரு. அந்தப் பேர்ல கணக்கு இருக்கான்னு பாக்குறாக."

"எந்த ஊர்க்காரவுக?"

"பிரேசில், நெதர்லாந்துன்னு காட்டுது. நிசமா எங்க இருக்காகன்னு தெரியாது."

"அங்குட்டெல்லாம் நம்ம கொடுத்து வாங்குற வழக்கம் இல்லையே" என்றார் அக்கா. மருது மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். பிறகு நிமிர்ந்து, "அக்கா, இவ இப்படியே எல்லாக் கதவையும் சாத்திக்கிட்டு வந்தா கடைசியில மாப்பிள்ளை ஓட்டைப் பிரிச்சுத்தான் இறங்கணும்" என்றான்.

"இவ ஜாதகமே இன்னும் நம்மகிட்ட பதியல. அதுதான் ரொம்பப் பத்திரமான ஜாதகம்" என்றார் அக்கா.

பெட்டகத்தில் யார் எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியைப் பதிவு செய்துகொண்டே வரும்படி போட்டுவிட்டுக் கிளம்பினேன். சாத்திய பிறகும் யாராவது வருகிறார்களா என்று இரண்டு நாள் பார்க்கத்தான்.

24 மார்ச், செவ்வாய்

இன்று எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. நாச்சியாபுரம் பக்கம் ஊர். அங்கிருந்துதான் தினமும் காரைக்குடிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். காப்புக் கட்டிவிட்டால் வெளியே போகிறவர்கள் ராத்திரி தங்காமல் திரும்பிவிட வேண்டும். அந்த விதி எனக்கு ஒத்து வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பால்குடம் எடுப்பவர்கள் கையிலேயே காப்புக் கட்டிக்கொள்வார்கள். குடம் எடுத்து முடியும் வரை அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது.

கோயிலில் பெயர் வாசித்தபோது என் பெயரும் வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேணாம்ப. உனக்கு வேலை நிலைக்கணும்னுதான் நேந்துக்கிட்டேன்."

"அந்த வேலைக்குத்தாம்மா ஞாயித்துக்கிழமை போகணும்."

"அதுதான் சாமி பாத்துக்குமே" என்றார். அதற்கு மேல் வாதாட இடமில்லை. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டு, ஒன்றாம் தேதி குடம் எடுக்கும் வரை வர முடியாது என்றேன். "சாமி காரியத்தை வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா ஞாயித்துக்கிழமை போன் போட்டா எடுத்துரு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. மருது அலுவலகத்தில் இருப்பான். அலுவலகக் கணினியில் அவனுடைய சாவிக்கோப்பு இருக்கிறது. உள்ளே போக வேண்டி வந்தால் அவனே போவான். இதை எழுதும்போது பயம் இல்லை. எழுதி முடித்ததும் வந்துவிட்டது.

29 மார்ச், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கோயிலில் கும்மி நடந்துகொண்டிருந்தது. மருதுவிடமிருந்து போன் வந்தது.

"சத்தியா, பதறாதே" என்றான். எப்போதும் கேலியாகப் பேசுகிறவன் அப்படி ஆரம்பித்ததும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. "தளம் திறக்குது. உள்ள ஒண்ணும் இல்ல. படம் இல்ல, ஜாதகம் இல்ல. பந்தியில எல்லாருக்கும் இலையைப் போட்டுட்டு உக்கார வச்ச மாதிரி இருக்கு."

"சர்வருக்குள்ள போய்ப் பாத்தியா?"

"போக விட்டாத்தான? நீதான சாத்துன."

"ஆபீஸ்ல இருந்துதான முயற்சி பண்ற?"

"ஆபீஸ்லதான் இருக்கேன். உன் சர்வருக்குத்தான் என்னைத் தெரியல."

அதற்கு மேல் கேட்கவில்லை. கொட்டுச் சத்தம் ஒரு காரணம். கோயில் பக்கம் சிக்னல் நிற்காது என்பது இன்னொரு காரணம். எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது எல்லைப் பாலத்தில் மட்டும்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பாலத்தின் இந்தப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சின்னக்கருப்பு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கையில் காப்போடு யாரும் பஸ் ஏறிவிடாமல் பார்ப்பது இந்த வருஷம் அவர் பொறுப்பு.

"என்னத்தா, பெட்டியோட கிளம்பிட்ட?"

"இங்கதான் சித்தப்பா உக்காரப் போறேன். சிக்னலுக்கு."

"உக்காரு. காலைத் தொங்கப் போடாத. அந்தக் கைப்பிடிச் சுவத்துக்கு அங்குட்டு அடுத்த ஊரு."

சம்மணம் போட்டு உட்கார்ந்து மருதுவைக் கூப்பிட்டேன். நேற்று ராத்திரி மின்சாரம் போனதா என்று கேட்டேன். போனது என்றான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அலுவலக இணைப்புப் பெட்டி அணைந்து மறுபடி எரிந்தால் வெளியே அதற்குக் கிடைக்கும் முகவரி மாறிவிடும். நான் எழுதிய விதி பழைய முகவரிக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். அந்த முகவரி இப்போது யாரிடம் இருக்கிறதோ. சரியான பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் காற்றில் தொங்கவிட்டிருந்தேன்.

அக்கா போனை வாங்கினார். "ஏத்தா சத்தியா, கூடம் நிறைஞ்சு உக்காந்திருக்காக. சிங்கப்பூர்க்காரவுக திரையில உக்காந்து என்னையே பாக்குறாக. எல்லாக் கதவையும் தொறந்து விட்டுரு. அஞ்சு நிமிசம். அப்புறம் சாத்திக்க."

"அஞ்சு நிமிசத்துக்குள்ள அட்மின் வந்துருவான்க்கா."

"வரட்டும். வந்தா ஒரு காபியக் கொடுத்து உக்கார வச்சுக்கிறேன். நீ தொற."

"ஆபீஸுக்கு மட்டும் தொறக்குறேங்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"மதுரைக் கம்பெனிக்காரரும் வந்து உக்காந்திருக்காரு. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அக்கா போனை மருதுவிடம் கொடுத்தார்.

கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால் மருதுவே எல்லாவற்றையும் பார்த்துவிடுவான். ஆனால் அவன் போன் ஸ்பீக்கரில் இருந்தது, கூடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். நானே உள்ளே நுழைய வேண்டும், அவன் குறியீட்டை வாசிக்க வேண்டும்.

வாசித்தான். பாலத்துச் சிக்னலில் பக்கம் திறந்து முடிப்பதற்குள் குறியீடு காலாவதி ஆகிவிட்டது. இன்னொன்று வாசித்தான். அப்போது பார்த்து ஊர்வலம் தெரு முனைக்கு வந்தது. கொட்டுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"சித்தப்பா, கொஞ்சம் நிறுத்தச் சொல்றீகளா?"

"சாமி கொட்டை நிறுத்தச் சொல்றதா? நல்லாக் கேட்டத்தா." எழுந்து கொஞ்சம் நடந்து போய்க் கையை ஆட்டினார். அவர்கள் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டார்கள். வந்து உட்கார்ந்து, "அது எப்படியும் அங்குட்டுத் திரும்ப வேண்டிய கொட்டுத்தான்" என்றார்.

அடுத்த குறியீட்டில் உள்ளே போய்விட்டேன். மருதுவிடம் புது முகவரியைக் கேட்டேன். எண் எண்ணாகச் சொன்னான், திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தேன், விதியில் சேர்த்தேன்.

"இப்ப பாரு."

"தொறக்கல."

மறுபடி பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை. பின்னால் யாரோ அக்காவிடம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பது காதில் விழுந்தது. என் திரையில் முகவரி எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு தேர்வு இருக்கிறது: எங்கிருந்தும். ஒரு தட்டு தட்டினால் போதும், மருது உடனே உள்ளே போய்விடுவான். என் விரல் அதன் மேல் நின்றது. அமுக்கிவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். வேலை வேண்டும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. பிறகு, பதிய வந்த பெண்களின் அம்மாக்கள் படத்தை மேசையில் வைக்கும் விதம் நினைவுக்கு வந்தது. எல்லோருமே கவிழ்த்துத்தான் வைப்பார்கள்.

விரலை எடுத்தேன். "மருது, முகவரியை எதுல பாத்த?"

"என் போன்ல."

"போன் எந்த நெட்ல இருக்கு?"

"டேட்டாவுல..." என்று இழுத்தான். பிறகு, "இரு, வாரேன்" என்றான். அலுவலகக் கணினியில் பார்த்து வேறொரு முகவரியைச் சொன்னான். முதலில் சேர்த்ததை நீக்கினேன், இதைச் சேர்த்தேன்.

"தொறந்துருச்சு" என்றான்.

அதோடு முடியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தவன், "சத்தியா, இங்க ஒரு பைல் டிஸ்க் முழுக்க உக்காந்திருக்கு. பெட்டகம் மூச்சு விட இடம் இல்லாம நின்னு போச்சு. இதை யாரு எழுதச் சொன்னது?" என்றான்.

சனிக்கிழமை நான் போட்ட பதிவு. நிறுத்த மறந்துவிட்டேன். கூட்டம் வந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஜாதகத்துக்கும் எழுதி எழுதி நிரப்பியிருக்கிறது.

"நான்தான்" என்றேன்.

அவன் உடனே கேலி செய்யவில்லை. பதிவை நிறுத்தும் விதத்தைச் சொன்னேன், கோப்பைக் காலி செய்யச் சொன்னேன், பெட்டகத்தை மறுபடி ஓடவிடச் சொன்னேன். எல்லாம் செய்தான். கூடத்தில் பேச்சுச் சத்தம் மாறியது, திரையில் படங்கள் வந்துவிட்டன என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னான்: "நீ டைரி எழுதுறது பத்தாதுன்னு சர்வரையும் எழுத வச்சுட்ட."

லேப்டாப்பை மூடினேன். சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இங்க உக்காந்தே காரைக்குடியில கதவு தொறக்குறியே, அது எல்லை தாண்டுனதுல சேருமா?"

"தெரியல சித்தப்பா."

"நானும் பூசாரிகிட்ட கேக்க மாட்டேன். கேட்டா எல்லார் போனையும் பிடுங்கிருவாரு."

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். முதலில் திட்டுதான். சிங்கப்பூரில் ஒரு குடும்பம் காத்திருக்க முடியாமல் போய்விட்டது. அது முழுக்க என்னால்தான். மன்னிப்புக் கேட்டேன். அவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

பிறகு மதுரைக்காரர் கதையைச் சொன்னார். கூடம் காத்திருந்தபோது அவர் அக்கா பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டு, தங்கள் கம்பெனியில் இந்தச் சங்கடமே வராது என்றாராம். ஏன் என்று அக்கா கேட்டிருக்கிறார். "எங்க ஆளுக எங்க இருந்து வேணாலும் உள்ள போற மாதிரி எப்பவுமே தொறந்துதான் வச்சிருப்போம் மேடம்" என்றிருக்கிறார்.

"நான் அந்த ஆளையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. "இங்க ஒருத்தி பாலத்துல உக்காந்து, வேலை போனாலும் போகட்டும்னு எம் பேச்சையே கேக்க மாட்டேங்கிறா. அங்க அவன் தொறந்து போட்டிருக்கிறதைப் பெருமையாச் சொல்றான். எனக்கு இதெல்லாம் விளங்காதுதான். ஆனா எம் மேசைக்குப் படம் கொண்டாந்து கொடுக்குறவுககிட்ட நான் என்ன சொல்லி வாங்குறேன்னு எனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா" என்றேன்.

"ஏப்ரல் ஒண்ணாந்தேதியில இருந்து உனக்கு நிரந்தரம்" என்றார். "ஆனா பாதிதான் உன் பொறுப்பு. மீதி மருது. உனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு இருக்கக் கூடாது. நீ கல்யாணமாகிப் போயிட்டா நான் யார் பின்னாடி ஓடுறது?"

"ஒண்ணாந்தேதி எனக்குப் பால்குடம்க்கா."

"அப்ப ரெண்டாந்தேதி" என்றார் அக்கா, யோசிக்காமல்.

அம்மாவிடம் சொன்னேன். "நான் சொன்னேன்ல" என்றார். நான் நிறுத்த மறந்த பதிவைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. இன்று நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முழுக்க நிச்சயமில்லை. கதவைத் திறக்காதது சரி. மற்றதெல்லாம் யோசிக்க வேண்டும்.

நாளை, திங்கள்: பாலத்துக்குப் போய் உட்கார்ந்து, விதிகளை மாற்றும் பக்கத்தில் மருதுவுக்கு அவன் பெயரிலேயே தனிக் கணக்கு திறந்து கொடுக்க வேண்டும். அலுவலக இணைப்புக்கு மாறாத முகவரி கேட்டு அவன் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.